அறையில் வேறு யாரும் இல்லை

அறையில் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லையே என்று மடிக்கணினிக்குள்ளிருந்து பரீட்சையைக் கண்காணிக்கும் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றான் வேல்மயில். சொல்லும்போதே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தோஹாவுக்கு வந்த இந்தப் பதினான்கு வருஷத்தில் ஒரு அறையில் அவன் தனியாக இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். மூன்று இரட்டை அடுக்குக் கட்டில், ஆறு ஆட்கள், ஒரு ஜன்னல், அந்த ஜன்னலையும் ஏசி அடைத்துக்கொண்டது. எந்த நேரமும் யாராவது ஒருத்தன் தூங்கிக்கொண்டிருப்பான் என்பதால் விளக்குப் போடக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது; உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று வாசலில் அவன் செருப்பு மட்டும்தான் கிடந்தது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் இரண்டு தடவை போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்திருந்தான், ஒன்றை எண்ண இரண்டு தடவை போன முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும். அந்தப் பெண் கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். சுவர், கதவு, மேசைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில் என்று காட்டினான். கட்டிலுக்கு அடியில் அறைக்காரன் பிரிட்டோவின் அரிசிச் சாக்கு மானத்தை வாங்கியது. மேல் கட்டிலில் திரை மூடியிருக்கிறதே, அங்கே யாராவது இருக்கிறார்களா என்றாள். அது தவசிலிங்கம் அண்ணாச்சியின் கட்டில். "நோ மேடம். டூட்டி" என்றான், அடித்துச் சொன்னான். திரையை விலக்கிக் காட்ட அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்த அறையில் அடுத்தவன் திரையைத் தொடுவது அடுத்தவன் வீட்டுக்குள் கேட்காமல் நுழைவதுதான். பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியதோ படுக்கை விரிப்போ, அதுதான் அவனவன் வீட்டுச் சுவர். சரி, தொடங்கலாம் என்று அவள் சொன்னதும் அறுபது கேள்வியும் இரண்டு மணி நேரமும் கணினித் திரையில் வந்து நின்றன.

தொழில் நெறிமுறை. கடைசிப் பாடம். மற்ற எல்லாப் பாடத்தையும் முடித்து, இது ஒன்று தொக்கி நிற்கிறது. முதல் கேள்வி எளிதுதான், இரண்டாவதும். மூன்றாவதைப் படிக்கும்போதே உதடு அசைந்தது, சட்டென்று மூடிக்கொண்டான். உதடு அசையக்கூடாது, பக்கத்தில் பார்க்கக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, மூக்கைச் சொறிவதற்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. திரையின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம், அதில் அவன் முகம், முகத்துக்குப் பின்னால் கட்டில், அந்தப் பச்சைத் திரை. எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதே கட்டத்தை அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள். வாயை அசைக்காமல் படிப்பது சங்கரன்கோவிலில் யாருக்குத் தெரியும், பி.காம் இரண்டாம் வருஷம் வரை அவன் படித்ததெல்லாம் மொட்டை மாடியில் நடந்துகொண்டே உரக்கப் படித்ததுதான். இரண்டாம் வருஷம் வரைக்கும். மூன்றாம் வருஷம் ஏப்ரலில் பரீட்சை, பிப்ரவரியில் விசா. விசாவுக்குத் தேதி உண்டு, பரீட்சை எப்போதும் இருக்கும் என்று மாமா சொன்னார், அப்போது அது சரியான பேச்சாகத்தான் இருந்தது. ஒன்பது வருஷம் கழித்து லீவில் போய் விசாரித்தபோது கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் காலாவதியாயிடுச்சு தம்பி, முதல் வருஷத்திலேர்ந்து சேரணும் என்றார். எது காலாவதியானது என்று அவன் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க உருண்டு உருண்டு படித்ததெல்லாமா, அந்த இரண்டு வருஷமுமா, இல்லை அந்தப் பையனேவா. ஏழாவது கேள்விக்குப் பதில் ஆ. எட்டாவது தெரியவில்லை, போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பல்கலைக்கழகம் மட்டும்தான் அந்த இரண்டு வருஷத்தையும் செல்லும் என்று எடுத்துக்கொண்டது. கட்டடம் எந்த ஊரில் இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது, படத்தில் புல்வெளி இருந்தது. நம்மைப் போன்ற நாட்டுக்காரர்களுக்குக் கட்டணம் குறைவு, மிச்சத்தை இருந்த இடத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம், பழைய மதிப்பெண் பட்டியலை மட்டும் கல்லூரியிலிருந்து முத்திரை வைத்த உறையில் அனுப்ப வேண்டும். ஊரில் அவன் மனைவி செண்பகம் நான்கு தடவை அலைந்து வாங்கினாள். வாங்கி, சந்தோஷம் தாங்காமல் பிரித்துப் பார்த்து, மகள் கோமதியின் கையில் கொடுத்து, உங்கப்பா கணக்குல எம்பது வாங்கியிருக்காரு பாருட்டி என்று படமும் எடுத்து அவனுக்கு அனுப்பினாள். பிரித்த உறை செல்லாது. அவன் போனில் கத்து கத்தென்று கத்தினான். பிறகு, "ஏங்க, நான் பார்க்கக்கூடாதா அத?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி இந்த அறுபதில் இல்லை, இருந்தால் அவன் விட்டுவிட்டுத்தான் போவான். ஐந்தாவது தடவையும் அவளே போய் வாங்கினாள். அவன் கம்பெனி ஸ்டோர் இன்சார்ஜ் இந்த மாசக் கடைசியில் ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். அந்த நாற்காலிக்கு டிகிரி வேண்டும், அந்த நாற்காலியோடு குடும்ப வீடு வரும், டிகிரியைக் கொண்டு வா, குடும்பத்தைப் பெட்டி கட்டச் சொல் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் நம்ப விடவில்லை. ஆன்லைன் டிகிரி என்று தள்ளிவிட்டால்? தள்ளினால் தள்ளட்டும், முதலில் தள்ளுவதற்காவது ஒன்று கையில் வேண்டும். கோமதிக்கு ஒன்பது வயது. அவளோடு இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தால் ஒரு வருஷம் வராது. பதினைந்தாவது கேள்வியை மூன்று தடவை படித்துவிட்டான், ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை.

போன மாதம் இதே பரீட்சையில் இருபதாவது கேள்வியில் இருந்தபோதுதான் காஜா கதவைத் திறந்தான். கடையநல்லூர்க்காரன், குளித்த ஈரம் சொட்ட இடுப்பில் துண்டோடு நின்று, "மாப்ள, சோறு தின்னியாடே?" என்றான். அவ்வளவுதான், திரை முழுக்கச் சிவப்பு எழுத்து, பரீட்சை ரத்து. காஜா அன்றிலிருந்து அவனைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் கை வைத்துக்கொள்கிறான். இரண்டு வாய்ப்புதான், இதுதான் இரண்டாவது. இதுவும் போனால் அடுத்த பருவத்தில் பாடத்தையே முதலிலிருந்து எடுக்க வேண்டும், அதற்குள் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான். அதனால் இன்று வெள்ளிக்கிழமை, லீவு நாள், எல்லாரும் மெஸ் ஹாலில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் வராண்டாவில் நானே காவல், ஒரு ஈயை விடமாட்டேன் என்று காஜா சொல்லியிருக்கிறான். அண்ணாச்சி, "நான் டபுள் டூட்டி போட்டுட்டு நாலு மணிக்கு மேலதான் வருவேன், நீ நிம்மதியா எழுதுடே" என்று நேற்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கே போய்விட்டார். ஐம்பத்தாறு வயசு மனுஷன், சர்க்கரை வேறு, அவனுக்காகப் பதினாறு மணி நேரம் ஏசி பிளாண்டில் நிற்கிறார். இருபத்தொன்று, இருபத்திரண்டு. இருபதைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்தபோது முதுகில் இருந்த இறுக்கம் கொஞ்சம் விட்டது. அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது. சரக், சரக். அண்ணாச்சியின் செருப்பு. வார் அறுந்து போய்ச் செம்புக் கம்பியால் கட்டியிருப்பார், அந்தக் கம்பி தரையில் இழுபடுகிற சத்தத்தை இந்தக் கட்டடத்தில் எவனும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவான். வந்துவிட்டாரா, உள்ளே வந்துவிடுவாரா. செருப்பு கதவு வரை வந்தது, நின்றது, திரும்பியது. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம். அது காஜா. காஜாவின் செருப்பைப் போன வாரம்தான் பள்ளிவாசலில் எவனோ மாட்டிக்கொண்டு போய்விட்டான். காஜா வாசலில் கிடந்ததை மாட்டிக்கொண்டு தொழப் போயிருக்கிறான்.

அப்படியானால் அண்ணாச்சியின் செருப்பு வாசலில் கிடந்திருக்கிறது. செருப்பு வாசலில் கிடந்தது என்றால். வேல்மயில் இருபத்து மூன்றாவது கேள்வியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தான். திரும்பக்கூடாது, நிமிரக்கூடாது. கண்ணை மட்டும் மெல்ல மூலைக்குக் கொண்டு போனான், அந்தத் தீப்பெட்டிக் கட்டத்துக்கு. அவன் முகம், பின்னால் கட்டில், பச்சைத் திரை, திரைக்குக் கீழே மேல் கட்டிலின் இரும்புப் பட்டைகள், அந்தப் பட்டைகளுக்கு நடுவே மெத்தை வயிறு தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத மெத்தை அப்படித் தொங்காது. பதினான்கு வருஷமாகக் கீழே படுத்து அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டே தூங்கியவனுக்கு அது தெரியாதா. அவன் குளிக்கப் போய்ப் பாத்ரூம் வரிசையில் நின்ற அரைமணி நேரத்தில் வந்திருக்க வேண்டும். நோ மேடம், டூட்டி. எவ்வளவு தைரியமாகச் சொன்னான். அவளுக்கும் அந்த வயிறு தெரிந்துகொண்டுதானே இருக்கும், ஆனால் அவளுக்கு மெத்தை பாஷை தெரியாது. சொல்லிவிடலாமா. மேடம், மன்னிக்க வேண்டும், மேலே ஒருவர் தூங்குகிறார், எனக்கு இப்போதுதான் தெரியும். யார் நம்புவார்கள். செருப்பைப் பார்த்து ஆளை எண்ணுவோம் என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது. இருபத்து மூன்றாவது கேள்வி: வேலையிடத்தில் தான் அளித்த தகவல் தவறு என்று ஒரு ஊழியர் பின்னர் அறிய நேர்ந்தால் அவர் முதலில் செய்ய வேண்டியது என்ன. அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உடனே தெரிவிக்க வேண்டும் என்பதுதான் விடை, அதை அழுத்தினான், அடுத்த கேள்விக்குப் போனான்.

இனி இருமல். அதுதான் பாக்கி. அண்ணாச்சிக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு இருமல், பிளாண்டின் தூசும் குளிரும் இருபது வருஷமாக நெஞ்சில் சேர்த்து வைத்தது. அது வெடித்துக் கிளம்பும்போது மூன்று கட்டிலும் ஆடும். முப்பதாவது கேள்வியில் வருமா, முப்பத்தொன்றில் வருமா. ஒவ்வொரு விடையையும் அழுத்திவிட்டு முதுகைக் கூராக்கிக்கொண்டு காத்திருந்தான். இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு நாள், கணக்கியல் பாடம் மண்டையில் ஏறாத எரிச்சலில், "அண்ணாச்சி, ஒங்க இருமல்ல மனுசன் படிக்க முடியல" என்று சொல்லிவிட்டான். அவர் திரைக்குள்ளிருந்து இறங்கி, கம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு வராண்டாவுக்குப் போய் இருமினார். அதற்குப் பிறகு எப்போதும் வராண்டாதான், வெளியே அடுப்பு மாதிரி வெயில் அடித்தாலும். நான் விளையாட்டுக்குச் சொன்னேன் அண்ணாச்சி என்று சொல்ல ஒரு நாளும் வாய் வரவில்லை. இந்த மனுஷன்தான் அவனுக்கு முதல் வாரத்தில் குப்பூஸ் ரொட்டி பிய்த்துக் கொடுத்து, அழாதடே, எல்லாவனும் முத வாரம் அழுவான் என்றவர். முப்பத்தெட்டு. நாற்பது. இருமல் வரவில்லை. நாற்பத்து மூன்று. அரைமணி நேரத்துக்கு மேலாகிவிட்டது, ஒரு செருமல்கூட இல்லை. நல்லதுதான், ஆழ்ந்து தூங்குகிறார், தூங்கட்டும். ஆனால் தூக்கத்தில் அவருக்கு இருமல் இன்னும் கூடத்தானே வரும்.

நாற்பத்தைந்தாவது கேள்வியில்தான் அந்த நினைப்பு வந்தது, வந்த பிறகு போகவில்லை. நாலு மணி வரை டபுள் டூட்டி என்று போன மனுஷன் ஏன் பாதியில் வந்தார். தலை சுற்றியிருக்கும். சர்க்கரை இறங்கியிருக்கும். வேறு எதற்கும் டூட்டியைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை அவர். போன வருஷம் பக்கத்துப் பிளாக்கில் ஒரு ஆந்திராக்காரர் இப்படித்தான் படுத்தார், திரையை மூடியிருக்கிறாரே, தூங்குகிறார் என்று எல்லாரும் சத்தம் போடாமல் நடந்தார்கள், டூட்டிக்கு எழுப்பப் போனபோதுதான் தெரிந்தது. அவ்வளவு மரியாதை அந்தத் திரைக்கு. எழுந்து பார்த்துவிடலாம், மூன்று எட்டுத்தான். எழுந்தால் சிவப்பு. எழாவிட்டால், எழாமல் இருந்து அங்கே அவர் நிஜமாகவே. இல்லை, தூங்குகிறார். தூங்குகிறவர் மெத்தை அசையும். கட்டத்தைப் பார்த்தான், அந்த வயிறு அசையவே இல்லை. கோவில்பட்டியில் இரண்டு பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு மூன்றாவதுக்காக நின்றுகொண்டிருக்கிற மனுஷன். கோமதிக்குப் போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது ரிப்பனும் கடலை மிட்டாயும் கொடுத்துவிட்ட மனுஷன். எழுந்திரு, எழுந்திருடா. நாற்காலியைப் பின்னால் தள்ளினான், முழங்கால் நிமிர்ந்தது, உடனே கணினித் திரையின் அடியில் ஒரு கட்டம் விழுந்தது: இருக்கையை விட்டு எழ வேண்டாம், இது எச்சரிக்கை. பாதி எழுந்தவன் அப்படியே நின்றான். ஒரு மூச்சு விடும் நேரம்தான். கண்ணுக்குள் செண்பகம் பிரித்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேல்மயில் உட்கார்ந்தான்.

உட்கார்ந்துவிட்டான். இதை இனிமேல் யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவனுக்கே தெரியும், இந்த மாதிரி ஒரு நேரம் வந்தது, அவன் உட்கார்ந்துவிட்டான். டிகிரி வாங்கி அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாலும் அதற்குப் பின்னால் இந்த நாற்காலி இருக்கும். கேவலமாக இருந்தது. சீக்கிரம், சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் எழலாம். மிச்சம் பதினைந்து கேள்வி, இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது, அவன் படிக்கவில்லை. முதல் வரியைப் பார்த்தான், ஏதோ ஒன்றை அழுத்தினான், அடுத்தது, அடுத்தது, இ, அ, அ, ஈ. விட்டு வந்த எட்டாவது கேள்விக்குத் திரும்பவே இல்லை. அறுபதுக்கு நாற்பத்திரண்டு சரியாக இருக்க வேண்டும், எது சரி எது தப்பு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம், பதினான்கு வருஷமும் ஐந்து தடவை அலைந்த செண்பகமும் இப்படி விரல் போன போக்கில் போகிறது, போகட்டும். சமர்ப்பிக்கவா என்றது, சமர்ப்பி. உறுதியா என்றது, ஆமாம், ஆமாம். அந்தப் பெண் நன்றி என்றாள், உங்கள் முடிவு கணக்கிடப்படுகிறது, நான் விடைபெறுகிறேன் என்றாள், கேமராவின் விளக்கு அணைந்தது. நாற்காலி சரிந்து விழ அவன் எழுந்தான். ஏணியில் கால் வைத்து, பதினான்கு வருஷத்தில் தொடாத அந்தப் பச்சைத் திரையைப் பிடித்து இழுத்தான்.

அண்ணாச்சி மல்லாக்கப் படுத்திருந்தார். கண் இரண்டும் திறந்திருந்தது. வாய்க்குள் துண்டைச் சுருட்டித் திணித்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார். முகம் செக்கச் சிவந்து, கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காது வரைக்கும் ஓடித் தலையணை நனைந்திருந்தது. அவனைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார், துண்டைக் கொஞ்சம் வெளியே எடுத்தார்.

"முடிஞ்சுட்டாடே?"

"முடிஞ்சுட்டு அண்ணாச்சி."

"அந்தப் பொம்பள போய்ட்டாளா? இருமலாமா?"

அவன் தலையை ஆட்டுவதற்குள் இருமல் கிளம்பிவிட்டது. கட்டில் ஆடியது, ஏணி ஆடியது, ஏணியில் நின்ற அவனும் ஆடினான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் முதுகைத் தடவினான். நடுநடுவே அவர் பேசினார். "தல சுத்துச்சு, சூப்பர்வைசர் போய்ப் படுன்னு அனுப்பிட்டான்… ரூம்ல ஆளக் காணோம், நீ எழுதி முடிச்சிருப்பன்னு நெனச்சு ஏறிப் படுத்துட்டேன்… இங்கிலீசு சத்தம் கேட்டு முழிச்சா, நீ என்னயச் சொல்லுத, டூட்டின்னு." மறுபடி இருமல். "சரி, சொல்லிட்டான் பய, நாம டூட்டியிலேயே இருந்துருவோம்னு கெடந்தேன்."

வேல்மயிலால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் முதுகைப் பார்த்துத்தான் சொன்னான்.

"நீங்க செத்துட்டீங்களோன்னு நெனச்சேன் அண்ணாச்சி. அப்பவும் நான் எந்திரிக்கல. உக்காந்துட்டேன்."

சொல்லிவிட்டு அழுதான். முதல் வாரம் அழுததற்குப் பிறகு இந்த அறையில் அவன் அழுவது இதுதான்.

"நாற்காலி நவுந்த சத்தம் கேட்டுச்சு" என்றார் அண்ணாச்சி, மூச்சு வாங்க. "நீ எந்திரிச்சு மட்டும் வந்திருந்தேன்னு வையி, மேலேர்ந்தே மிதிச்சிருப்பேன் உன்ன. போ, தண்ணி எடு. ரெண்டு மணி நேரமா ஒண்ணுக்கு வேற அடக்கிட்டுக் கெடக்கேன், மொதல்ல என்னய எறக்கு."

அவரைத் தாங்கி ஒவ்வொரு படியாக இறக்கினான். பாட்டிலைத் திறந்து கொடுத்தான், இரண்டு மடக்குக் குடித்தவர் அவன் தோளுக்கு மேலே மேசையைப் பார்த்தார். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

"ஏல, பொட்டியில என்னமோ எழுதியிருக்கு."

வேல்மயில் திரும்பவில்லை. "செகப்பாவா அண்ணாச்சி?"

"செகப்பு இல்லடே, பச்ச."

அவன் அப்போதும் திரும்பவில்லை. கதவைத் திறந்து காஜாவைக் கூப்பிட்டு, அந்தச் செருப்பைக் கழற்றச் சொல்லி வாங்கி, அண்ணாச்சியின் காலடியில் கொண்டு வந்து வைத்தான்.